ஊடு வந்துருச்சுங்க

கருப்பண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மறதி நோய் வந்தபிறகு, மாலையானால் சொந்த வீட்டிலேயே துணிப்பையுடன் கிளம்பி நிற்பார். மகள் தீபிகாவிடம், "ஏனுங்க, என்னையக் கொண்டுபோயி எங்கூட்ல உடுறீங்களா?" என்பார். அவளுடைய பெயர் அவருக்கு மறந்து இரண்டு வருடமாகிவிட்டது.

"இதுதான் உங்க ஊடுன்னு அவருகிட்ட மல்லுக்கட்டாதீங்க. வெளிய ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வாங்க," என்று நோயாளிகளின் குடும்பத்தாருக்கான கூட்டத்தில் நர்ஸ் சொல்லியிருந்தார்.

அது பலித்தது. தினமும் ஸ்கூட்டரின் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். முட்டைக் குடோன் வரை போய்த் திரும்பியதும், "ஊடு வந்துருச்சுங்க" என்று சிரித்தபடி இறங்குவார்.

இன்றும் அப்படித்தான் சிரித்தபடி இறங்கினார். தீபிகா கதவைத் திறக்க முன்னால் போனாள்.

உள்ளே கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவ உட்டுப்போட்டு நீ மட்டும் எங்க போனே? இத்தன நேரமா ஒரே அழுகை."

அப்பா மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தீபிகாவைப் பார்த்தார். "ஏனுங்க, என்னையக் கொண்டுபோயி எங்கூட்ல உடுறீங்களா?"

கதவில் வைத்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.

பின்னால், வாசலில், டயரைக் காலால் தட்டும் சத்தம் கேட்டது.

"தீபிகா, பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது சாமி. ஆமா, உள்ள யாரு அது?"