கோட்டில் விழுந்த பந்து

ஆசிரியர் அறை மேசைக்கடியில் ஒரு வாலிபால் கிடந்தது. விளையாட்டுப் பீரியடு வந்தாலே கணக்கு வாத்தியார் அந்தப் பீரியடைப் பிடுங்கிக்கொள்வார். "இன்னிக்கும் உன் பீரியடு எனக்குத்தான்" என்று மேசைமேல் இருக்கும் சாக்பீஸ் சீண்டிவிட்டு அவரோடு கிளம்பும். பந்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பள்ளியிலேயே மாவட்ட இறுதிப்போட்டி நடந்த அன்று, கோடு போடச் சுண்ணாம்பு தீர்ந்துபோனது. விளையாட்டு வாத்தியார் மேசைமேல் இருந்த அந்தச் சாக்பீஸை நொறுக்கித் தூவினார்.

கடைசிப் பாயின்ட். பள்ளி அணியின் பூங்குழலி அடித்த அடியில் பந்து எல்லையோரம் விழுந்தது. "அவுட்டு" என்றது எதிரணி. நடுவர் குனிந்து பார்த்தார். கோடு கலைந்திருந்தது, பந்தின் கன்னத்தில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. கோட்டில் பட்டால் உள்ளேதான். மைதானமே அதிர்ந்தது.

பிள்ளைகள் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓட, பந்து அந்தப் பொடியிடம் சொன்னது: "கெட்டியா ஒட்டிக்கோ. இந்தப் பீரியடு நம்ம ரெண்டு பேருக்கும்."