பின்னணியில் ஒரு கடிகாரம்

ஏழாவது முறையும் ‘டிக் டிக்’ என்று கேட்டது.

காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டேன்.

மாலை ஐந்து மணிக்குள் என் பதிவு ஒரு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் நிலையம் அது. வீட்டிலிருந்தே வாசிக்கலாம். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம். எனக்கென்றே செய்து வைத்த வேலை.

காலையில் அனுப்பிய குரல் மாதிரிக்கு இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. ‘குரல் நன்றாக இருக்கிறது. பின்னணியில் கடிகாரம் ஓடுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பவும்.’

என்னிடம் இருப்பது பாட்டுக் கேட்கிற சின்ன பிளேயர். அதிலேயே பதிவும் செய்யலாம்.

இயற்பியல் படித்தவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.

சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். சத்தம் போகவில்லை.

சார்ஜர் வயரைப் பிடுங்கினேன். அடியில் இருந்த ‘உம்ம்’ என்ற இரைச்சல் போனது. டிக் டிக் போகவில்லை.

மின்விசிறியை நிறுத்தினேன். வியர்வைதான் மிச்சம்.

அக்கா மட்டும்தான் பாக்கி. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை ரயில்.

“அக்கா, கொஞ்ச நேரம் அந்த ஜிப்பைத் தொடாதேயேன்.”

“மூச்சாவது விடலாமாடி? இல்ல, அதையும் நிறுத்தணுமா?”

மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்தாள். அப்போதும் டிக் டிக்.

பிளேயரை மேசையில் வைத்துப் பதிவை ஓட விட்டு, இருவரும் ஒரு நிமிடம் வெளியே போய் நின்றோம். கேட்டுப் பார்த்தால் முழு அமைதி. கையில் எடுத்து வாசித்தால் டிக் டிக்.

உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது, நான் பிடித்தால் ஆடுகிறது என்று முடிவு கட்டினேன். வேறு வாங்க நேரமில்லை. மணி நாலே கால்.

கடைசியாக எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு எண்பத்து நாலு. எந்தக் கடிகாரமும் அப்படி ஓடாது. வாயில் நுழையாத சொற்கள் வருகிற பத்தியில் நூறைத் தாண்டியது.

இயர்போனை அக்காவிடம் நீட்டினேன்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். நாலைந்து நொடிதான். சட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

“மக்கு, இது நீதான்டி!”

பதினேழு வயதில் என் இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது ‘டிக்’ என்று மூடும். முதல் சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு பழகிப்போய்விட்டது. ஆறு வருடம் ஆகிவிட்டது; இப்போது என் காதுக்கு அது ஒரு சத்தமே இல்லை.

என் குரல் சின்னது. அதனால் பிளேயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வாசித்திருக்கிறேன்.

மேசையில் தலையணை போட்டு அதன்மேல் பிளேயரை வைத்தேன். தடித்த போர்வையைப் போர்த்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு உரக்க நான் எதையும் வாசித்ததில்லை.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன். ஐந்தரைக்குப் பதில் வந்தது. ‘திங்கள்கிழமை முதல் வாசிக்கலாம்.’

கெட்டுப்போன பதிவுகளையெல்லாம் அழிக்கப் போனேன்.

“அதுல ஒண்ணை விட்டு வை. எனக்கு வேணும்,” என்றாள் அக்கா, பெட்டியிலிருந்து தலை தூக்காமல்.

“எதுக்குக்கா?”

“இந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராதுடி.”

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த அன்று, அவள் தன் கட்டிலை இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். என் பக்கம்தான் ஜன்னல் காற்று வருகிறது என்று சொன்னாள். ஆறு வருடமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

 

பிளேயரை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு மணி நேரம், எதுவும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.