பிள்ளைக்காம்பராவில் ஒரு வகுப்பு

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருப்பவர்கள்: வகுப்பெடுக்க வந்த மருத்துவமாது இந்திராணி, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவிருக்கும் மூன்று பெண்கள், அந்த மூவரையும் இதே அறையில் கைக்குழந்தையாகப் பார்த்துக்கொண்ட பாக்கியம் ஆயா. ரப்பர் மரங்களுக்குள் புகுந்து வரும் மாலை வெயில் சுவரில் மாட்டிய கர்ப்பப்பைப் படத்தில் விழுகிறது. மூவரில் ஒருத்தியான சுதர்ஷினி படத்தை விட்டுவிட்டு விட்டத்தைப் பார்க்கிறாள். தொட்டில் கயிறு தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. பால்மாவும் டெட்டோலும் கலந்த அதே வாசம். அவளும் அங்கே ஆடியவள்தான். போய் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஏஜென்ட் போடச் சொன்ன கருத்தடை ஊசிக்குப் பிறகு மாதவிலக்கே நின்றுவிட்டது. இனிப் பிறக்காதோ?

“வேற என்னமும் கேக்கணுமா?” என்கிறாள் இந்திராணி. தெரணியகலை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது.

“கேளுங்கடி. ஒங்க எல்லாத்துக்கும் குண்டி கழுவிவிட்டவ நான். எங்கிட்ட என்னா வெக்கம்?” என்கிறாள் ஆயா. எல்லோரும் சிரிக்கிறார்கள். சுதர்ஷினியும் சிரிக்கிறாள். ஆயா காதில் எது விழுந்தாலும் இருட்டுவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் போய்விடும். இந்திராணி சுதர்ஷினியின் முகத்தையே பார்க்கிறாள்.

“ஆயா, எல்லாருக்கும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்திட்டு வாங்களேன்.”

ஆயா முனகிக்கொண்டே வெளியே போகிறாள். இந்திராணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள்.