கழுத்தில் ஒரு கோடு

"அக்கா, மூச்சுகூட விடாம உக்காந்திருக்கேன். போதுமா?" என்றாள் தங்கை, நாற்காலியில் விறைத்தபடி.

அக்கா கேமரா பக்கம் குனிந்தாள். மானிட்டரில் தங்கையின் கழுத்துக்குக் குறுக்கே, கத்தியால் கீறியதுபோல ஊதா நிறத்தில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"இதோட மூணாவது தடவை," என்றான் தாடி. ஒளிப்பதிவாளன், படிக்கிற காலத்திலிருந்தே அக்காவுக்கு நண்பன். "லென்ஸைத் துடைச்சாச்சு, கழட்டி மாட்டியாச்சு. சனியன் போக மாட்டேங்குது."

நாலு வருடமாகச் சுமந்த கதை, இயக்குநராக அக்காவுக்கு முதல் படம். நாளை மறுநாள் படப்பிடிப்பு. சொந்த வீடே லொகேஷன், சொந்தத் தங்கையே கதாநாயகி என்று எல்லாவற்றையும் கைக்கு அடக்கமாக வைத்துக்கொண்டவள், லென்ஸ் விஷயத்தில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். அகலத்திரைக்கென்று அந்தக் காலத்தில் செய்த அனமார்ஃபிக் லென்ஸ்தான் வேண்டும்!

வாடகைக் கடைக்காரர் இரண்டு கேமரா, ஒரு பழைய அனமார்ஃபிக், ஒரு புது சாதா லென்ஸ் என்று பரீட்சைக்குக் கொடுத்திருந்தார். எது வேண்டும் என்று மாலை ஐந்துக்குள் சொல்லியாக வேண்டும். கொடுக்கும்போதே அந்த மனுஷன் சும்மா இருந்தாரா? "இந்தப் பழசை எடுத்துட்டுப் போன ரெண்டு பேரும் படத்தை முடிக்கலம்மா, பாத்துக்கோ" என்று வாயை வைத்துத்தான் அனுப்பினார்.

எடுப்பது இரவுக் காட்சி. பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி, மூலையில் ஒரே ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார்கள். பெரிய விளக்கைப் போட்டால் கோடு காணாமல் போனது. அணைத்தால் திரும்பி வந்தது.

"இந்த லென்ஸோட குணமே அதுதான். எதிர்ல பொட்டு வெளிச்சம் இருந்தா போதும், இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம்வரைக்கும் கோடா இழுத்துடும். ஆனா எதிர்ல விளக்கே இல்லையே!" என்ற தாடி, சின்ன விளக்கையும் அணைத்தான்.

கும்மிருட்டு. மானிட்டரில் கோடு மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

"எனக்கு பயமா இருக்குக்கா," என்றாள் தங்கை. ஆய்வுக்கூட வேலை கிடைத்து, போன மாதம்தான் இந்த ஊருக்கு வந்தவள். 'நம்ம வீடு இருக்கறப்போ ஹாஸ்டல் எதுக்கு?' என்று பிடிவாதம் பிடித்து, விடுமுறையில் வந்திருந்த அக்காவின் கணவர்தான் இந்த அறைக்கு வண்ணம் அடித்து, கட்டில் போட்டு, அவளைக் குடிவைத்துவிட்டுக் கடல் தாண்டிய வேலைக்குத் திரும்பிப் போயிருந்தார்.

சொல்லி வைத்தாற்போல அவரே போனில் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, ஆசைப்பட்ட லென்ஸ் கிடைச்சுது. ஆனா அதுல ஒரு கோடு வருதுங்க. கரெக்டா இவ கழுத்துலயே விழுது."

அவர் குரல் சட்டென்று மாறியது.

"வேண்டாம். அது ராசியில்லாத லென்ஸ். இப்பவே திருப்பிக் கொடுத்துடு."

பூனை குறுக்கே போனால், 'அதுக்கு இன்னைக்கு என்ன சகுனமோ, பாவம்' என்று கிண்டலடிக்கிற மனுஷன் வாயில் ராசியா!

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"எனக்கு உங்க ரெண்டு பேரையும் விட சினிமா பெருசு இல்லம்மா. முதல்ல அந்தக் கறுப்புத் துணியெல்லாம் அவுத்துட்டு வெளிச்சத்தை விடு. பாவம், எவ்வளவு நேரம்தான் அவ அந்த நாற்காலியிலயே உக்காந்திருப்பா?" போனை வைத்துவிட்டார்.

"மாமாவே பயப்படறாரேக்கா!" தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா லென்ஸ் பெட்டியை இழுத்தாள். படம் போனால் இன்னொரு படம் எடுக்கலாம், தங்கைக்கு ஒன்று ஆனால் எங்கே போய் முட்டிக்கொள்வது? "மூட்டை கட்டு தாடி. எனக்கு இந்தப் பழசே வேண்டாம்."

"ஒரே ஒரு ஷாட். அந்தப் புது லென்ஸ், இன்னொரு கேமரா. அதையும் பாத்துட்டு முடிவு பண்ணு."

மாட்டினான். கோடு இல்லை. அப்பாடா என்று மூவருக்கும் மூச்சு வந்தது.

"நான்தான் சொன்னேனே, எல்லாம் அந்த லென்ஸோட..." என்று ஆரம்பித்த அக்காவைத் தாடி கையமர்த்தினான். மானிட்டரில், தங்கையின் கழுத்துக்கு நேராக, சற்றுத் தள்ளி, சுவரில் ஊதாவாக ஒரு புள்ளி.

"லென்ஸ் மேல பழி போடாத. பழசு கோடா காட்டினதைப் புதுசு புள்ளியா காட்டுது, அவ்வளவுதான். டிவி ரிமோட்டைப் போன் கேமராவுல பாத்தா மினுக்கும்ல, அந்த ஜாதி வெளிச்சம். நம்ம கண்ணுக்குத் தெரியாது."

பெரிய விளக்கைப் போட்டார்கள். புள்ளி இருந்த இடத்தில் ஒரு கறுப்பு சார்ஜர், பிளக்கில் செருகியபடி இருந்தது. அதில் ஒயரும் இல்லை, போனும் இல்லை; முகப்பில் கடுகளவு ஒரு கண்ணாடிப் பொட்டு மட்டும்.

"யாரோடதுடி இது?"

"தெரியலக்கா. நான் வந்த நாள்லேருந்து இங்கதான் இருக்கு."

அக்கா குனிந்து, பிடுங்குவதற்காக அதன்மேல் கை வைத்தாள். மேஜைமேல் போன் மறுபடியும் அடித்தது. "மாமாதான்" என்று தங்கை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

ஹலோ சொல்லக்கூட விடாமல், மூச்சிரைக்க வந்தது அந்தக் குரல்.

"முதல்ல அதுலேருந்து கையை எடு!"