ஊளைப் பொட்டி

"மழைமானிக்குச் சந்தனம் பூசினது யாரு?"

டவுன்ல இருந்து ஜீப்புல வந்த ஆபீசர் நிமலன் ஐயா போட்ட சத்தத்துல பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல வரிசை வீடா இருக்கிற எங்க லயமே வாசலுக்கு வந்திருச்சு.

"நான்தாங்க," என்றா இராக்கம்மா. கொழுந்து எடுக்கிறவ. பயந்து பேசத் தெரியாதவ.

எங்களுக்குப் பேர் வாயில நுழையாத மிஷின் எல்லாமே பொட்டிதான். சோறாக்குறது சோத்துப் பொட்டி. மழை அளவுக்கு மிஞ்சிப் பெஞ்சா, மண்சரிவு வருது ஓடுங்கன்னு சத்தம் போடுமாம். அதனால லயத்துக்கு மேல கம்பத்துல மாட்டின அந்த மழைமானி எங்களுக்கு ஊளைப் பொட்டி. மாட்டி ஏழு மாசமாச்சு. ஒரு தடவைகூட வாயைத் திறக்கல.

ஆயுத பூசைக்கு கவ்வாத்துக் கத்தி, கூடை, டிவின்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்ச இராக்கம்மா, உசிரக் காக்குற சாமான விட்டுட முடியுமான்னு அதுக்கும் சந்தனத்த அப்பிட்டா. மறுநாள் கழுவுறதுக்கு ஒரு குடம் தண்ணிய அது தலையில ஊத்தினா. அத்தனை தண்ணிக்கும் பொட்டி மூச்சு விடல. பதறிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டதே அவதான்.

"பொட்டியாம் பொட்டி. கருவின்னு சொல்லத் தெரியாதவங்க கையில இதக் குடுத்தது தப்பு."

ஐயா பைலை விரிச்சுக் காட்டினார். மாசா மாசம் நேர்ல வந்து சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காராம். போன கிழமைகூட நல்லா இருந்துச்சாம். சந்தனம்தான் உள்ள போய்க் கெடுத்திருச்சாம். கழட்டி வேற தோட்டத்துக்குக் கொண்டு போறேன்னு ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சிட்டார்.

மேல மலையில வெடிப்பு விட்டுக் கிடக்கு. ஐப்பசி மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. எல்லாரும் சேர்ந்து இராக்கம்மாவத்தான் ஏசினோம். நானும்தான் ஏசினேன்.

அவ அசையல.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா திறந்து காட்டுங்கய்யா. என் சந்தனம் எங்க போயிருக்குன்னு எல்லாருமே பாக்கட்டும்."

திறந்தார். உள்ள துளி சந்தனம் இல்ல. பேட்டரி இருந்துச்சு, கடையில வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம.

ஐயா பைலை மூடினார்.

உறைய இராக்கம்மாவே பல்லால கடிச்சுப் பிரிச்சுக் குடுத்தா. ஐயா மாட்டினார். அவ திரும்ப ஒரு குடம் ஊத்தினா பாருங்க, மலையே அதிர ஊளை விட்டுச்சு. பிள்ளைங்க கை தட்ட, நாய்ங்க குலைக்க, கீழ் லயத்துச் சனமெல்லாம் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வந்திருச்சு. எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

சத்தம் ஓயிற வரைக்கும் இராக்கம்மா இடுப்புல குடத்தோட நின்னா. அப்புறம் சொன்னா:

"இப்பத்தாங்கய்யா இது கருவி. கையெழுத்தப் போடுங்க."