தூக்கணாங்குருவி வைத்த விளக்கு

தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பி, மின்மினிகளைப் பதித்தது.

"இனி வெளிச்சத்துக்கு யார் தயவும் வேண்டாம்" என்றது மனைவியிடம்.

"மண்ணு காய்ஞ்சா மின்மினி உதிர்ந்துடுமே. தினம் ஈரமண்ணுக்கு எங்க போவீங்க?"

"குட்டைக்குத்தான்."

மறுநாள் குட்டைக் கரையில், களிமண் இருந்த இடத்திலேயே எருமை படுத்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நகர்றீங்களா?"

"நகரலாம். முதுகுல உண்ணி கடிக்குது."

தானியம் தின்கிற குருவி உண்ணி பொறுக்கியது. ஓர் அலகு மண் எடுக்கும் அளவுக்கு எருமை நகர்ந்தது. "நாளைக்கு வயித்துப் பக்கம் பாத்துக்கலாம்" என்றது.

சாயங்காலம் விளக்கைப் பார்க்க அக்கம்பக்கத்துக் குருவிகளெல்லாம் வந்தன.

"எல்லாம் நானே செஞ்சது" என்றது தூக்கணாங்குருவி. சொல்லும்போதே குட்டையை எட்டி எட்டிப் பார்த்தது, எருமை எந்தப் பக்கம் புரளப்போகிறதோ என்று.