ஃபைனலைஸ் பண்ணாத டிஸ்க்

“இவ கையில டிவிடி கேமராவைக் கொடுத்தது என் தப்பு. எடுத்து முடிச்சதும் ஃபைனலைஸ் பண்ணலேன்னா டிஸ்க் எங்கேயும் ஓடாதுன்னு தெரியாத ஜென்மம்! அவ அப்பாவோட அறுபதாம் கல்யாணத்தையே நாசம் பண்ணிட்டா.”

செங்கல்பட்டில் என் வீடியோ கடைக்கு வந்த இன்ஜினியர் கேசவன், மனைவி சுஜாதாவைக் காட்டிச் சொன்னார். சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் இதே பாட்டுதானாம். அந்தம்மா கைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இரண்டு நாள் மல்லுக்கட்டிப் படத்தை மீட்டேன். மூவரும் பார்த்தோம். பந்திக்குப் பிறகு கேமரா அணையாமலே மேசையில் கிடந்திருக்கிறது. படத்தில் எச்சில் இலை, பின்னால் குரல்கள்.

“ஏங்க, ஃபைனலைஸ் பண்ணணும்னு புக்குல போட்டிருக்கே.”

“இன்ஜினியருக்கே பாடமா? மூடிக்கிட்டு டிஸ்க்கைக் கழட்டு!”

இன்ஜினியர் துரைக்கு வியர்த்துவிட்டது. “அந்தக் கடைசித் துண்டை வெட்டிடுப்பா.”

“வெட்டாதீங்கண்ணே,” என்றார் சுஜாதா. “சொந்தக்காரங்களுக்கு நாப்பது காப்பி போடுங்க.”